என் புத்தகத்தில் இல்லாத பாட்டு

ராஜு,

கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். இந்த நேரத்தில் அப்பா எதற்கு இவ்வளவு தடித்த கவர் அனுப்பியிருக்கிறார் என்று விழுப்புரத்தில் நீ தடவிப் பார்ப்பாய். கல்யாணப் பிள்ளைக்குப் புத்திமதி எழுதியிருப்பார், டூட்டி முடிந்து நிதானமாகப் படிக்கலாம் என்று டிரங்குப் பெட்டியில் போட்டுவிடாதே. இன்றைக்கே படி. படித்து முடிக்கும்வரை கோமதிக்குக் கடிதம் எதுவும் எழுதாதே. உனக்கு இருபத்தாறு வயது ஆகிறது. இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

நிச்சயம் ஆனதிலிருந்து நான் மூன்று முறை தொட்டியத்துக்கு, பெண் வீட்டுக்குப் போய் வந்தேன். பந்தல் விஷயம், இலை விஷயம், சமையல்காரர் விஷயம் என்று உங்களிடம் சொன்னேன். உண்மையில் மூன்று முறையும் ஒரே விஷயத்தைச் சொல்லத்தான் போனேன். முதல் முறை கோமதியின் அம்மா செல்லம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள், குடித்துவிட்டு வாழை விலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இரண்டாவது முறை பள்ளிக்கூடம் விட்டு வந்த கோமதி, தன் வகுப்புப் பிள்ளைகளின் சிலேட்டுகளைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள், எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது முறை போனபோது அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்டாள். அதைக் கேட்ட பிறகு இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. கடைசியில் ஒரு தார் பூவம்பழத்தோடு வீடு வந்து சேர்ந்தேன். உன் அம்மா பழத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "இந்தத் தடவையும் சொல்லலியா?" என்றாள்.

பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் நாடகாசிரியர் என்று போட்டிருக்கிறார்கள். நீ விவரம் தெரிந்து பார்த்த அப்பா அதுதான். அதற்கு முன்பு நான் ஸ்பெஷல் நாடகக் காண்ட்ராக்டர். எனக்குச் சொந்தக் கம்பெனியும் கிடையாது, சொந்த சீன் படுதாவும் கிடையாது. மதுரையிலிருந்து ஒரு ராஜபார்ட், கும்பகோணத்திலிருந்து ஒரு ஸ்திரீபார்ட், புதுக்கோட்டையிலிருந்து பபூன், உறையூரிலிருந்து ஹார்மோனியம் என்று ஆளுக்கொரு கடிதம் போட்டு ஒரே நாளில் ஒரே ஊரில் கொண்டுவந்து இறக்குவதுதான் என் தொழில். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த நாலைந்து புராணக் கதைகள்தான். முன்பின் பார்த்திராத இரண்டு பேர் மேடையில் சந்தித்துப் புருஷன் பெண்டாட்டியாக நடித்துவிட்டு, விடிந்ததும் வேறு வேறு ரயில் ஏறிவிடுவார்கள். யாருக்கு யார் சரியாக ஈடுகொடுப்பார்கள் என்று கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

நான் எழுத வந்தது ஆசைப்பட்டு அல்ல, போலீஸ் கேட்டதால். வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நம்மூரிலிருந்து நடந்து போனார்களே, அதற்குப் பிறகு நாடகம் என்றாலே சர்க்காருக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. முழு வசனமும் பாட்டும் எழுதிய புத்தகத்தை முன்கூட்டியே கொடுத்து முத்திரை வாங்கினால்தான் அனுமதி என்றார்கள். எங்கள் ஆட்களிடம் புத்தகம் ஏது? எல்லாம் தொண்டையில் இருந்தது. ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி, நோட்டுப் புத்தகத்தில் நானே எழுதினேன். எழுத எழுத, இந்த இடத்தில் இவன் இப்படிப் பேசினால் நன்றாயிருக்குமே என்று கை அரிக்கும். கொஞ்சம் மாற்றுவேன். மாற்றியதை மேடையில் கேட்டால் சனங்கள் அங்கேதான் கை தட்டுவார்கள். மற்ற காண்ட்ராக்டர்களும் என்னிடம் வந்து புத்தகம் எழுதி வாங்கிப் போக ஆரம்பித்தார்கள். இப்படித்தான், முத்திரைக்காக எழுதப் போய் எழுத்தாளன் ஆனேன்.

கோமதியின் அப்பா அருணாசலம் என்னுடைய ராஜபார்ட். என்னுடைய என்று உரிமையோடு எழுதுகிறேன், எழுதத் தகுதி இல்லை. தொட்டியத்து வாழைத் தோட்டத்துக் குடும்பம். தாட்டியான ஆள், மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை ஆள் வரைக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி பாடுவார். என்னைவிட மூன்று வயது சின்னவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அந்த நாளில் நான் ஒரு பாட்டு எழுதினேன். புத்தகத்துக்காக எழுதியது அல்ல, எனக்காக எழுதியது. ஏழை ஜனத்தின் உப்பில் கை வைக்கிற ராஜாவைப் பார்த்து இன்னொரு ராஜா கேள்வி கேட்கிற பாட்டு. யாருக்கும் காட்டாமல் வைத்திருந்து அவருக்கு மட்டும் காட்டினேன். இரண்டு முறை படித்தார், மனப்பாடம் ஆகிவிட்டது. "அண்ணே, மணப்பாறைல இதப் பாடிடறேன்" என்றார். "புத்தகத்துல இல்லையேப்பா" என்றேன். "புத்தகத்துல போட்டா முத்திர கெடைக்காது. நான் பாட்டுக்குப் பாடிடறேன், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன், ராஜு: "பாடுங்க. வந்தா நான் பாத்துக்கறேன்."

மணப்பாறையில் மாட்டுச் சந்தைக்கு வந்த கூட்டம் அவ்வளவும் அன்றைக்குக் கொட்டகையில் இருந்தது. இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் நாற்காலி போட்டு, நான் கொடுத்த புத்தகத்தின் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தர்பார் காட்சியில் அருணாசலம் அந்தப் பாட்டை எடுத்தார். முதல் அடியிலேயே கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டாவது அடியில் பின்னாலிருந்து ஜே போட ஆரம்பித்தார்கள். நான் எழுதிய வார்த்தை என்று உடம்பெல்லாம் புல்லரித்தது எனக்கு. பாட்டு முடிவதற்குள் இன்ஸ்பெக்டர் நாலு போலீஸ்காரர்களோடு மேடை ஏறிவிட்டார். என்னைப் பக்கத் திரையிலிருந்து கூப்பிட்டார். "யோவ் காண்ட்ராக்டர், இந்தப் பாட்டு எந்தப் பக்கத்துல இருக்கு?" என் கையில் முத்திரை போட்ட புத்தகம் இருந்தது. இல்லாத பக்கத்தைத் தேடுகிறவன்போலத் தலையைக் குனிந்துகொண்டு புரட்டினேன். "என் புத்தகத்துல இல்லைங்க" என்றேன். "அப்ப எழுதினது யாரு?" "தெரியாதுங்க. அவரா பாடினது."

உனக்கு அப்போது காய்ச்சல், வீட்டில் குழந்தை அப்படிக் கிடக்க நான் ஜெயிலுக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன் என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன். எழுதி அடித்துவிட்டேன், அடித்தது உனக்குத் தெரியும்படிதான் விட்டிருக்கிறேன். உனக்குக் காய்ச்சல் இல்லை, நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தாய். என் பேனாவுக்கு இந்தப் புத்தி எப்போதும் உண்டு, எங்கே எனக்கு வலிக்கிறதோ அங்கே ஒரு நல்ல வசனத்தைக் கொண்டுவந்து வைத்துவிடும். பயந்தேன், அவ்வளவுதான். அருணாசலத்திடம் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாராம், "பாடினது நான்தாங்க. அத எழுதிக்குங்க" என்று மட்டும் சொன்னார். என் பெயரை அங்கேயும் சொல்லவில்லை, கோர்ட்டிலும் சொல்லவில்லை. எழுதியவன் பெயரைச் சொன்னால் தண்டனையைக் குறைக்கிறோம் என்றார்களாம். சொல்லாமலே ஆறு மாதம் உள்ளே இருந்தார்.

வெளியே வந்தபோது நெஞ்சில் இருமல் தங்கிவிட்டது. மேல் ஸ்தாயி போய்விட்டது, ஆனால் கீழே பாட வரும். என்னைப் பார்க்க ஸ்ரீரங்கத்துக்கு வந்தார், நம் வீட்டில் சாப்பிட்டார், ஒரு குறை சொல்லவில்லை. "சின்ன வேஷமா இருந்தாலும் போடுங்கண்ணே" என்று கேட்டார். நடிகர்களின் பெயர்ப் பட்டியலையும் போலீசுக்குக் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. அவர் பெயர் இருந்தால் அனுமதி கிடைக்காது. பார்க்கலாம் என்றேன். அடுத்த நாடகத்துக்கும் அவர் பெயரை எழுதவில்லை, அதற்கடுத்ததற்கும் எழுதவில்லை. அவர் மறுபடி வந்து கேட்கவில்லை. கோமதிக்கு நாலு வயது ஆனபோது போய்ச் சேர்ந்துவிட்டார். செல்லம்மாள் தோட்ட வேலை செய்து அந்தப் பெண்ணை டீச்சர் டிரெயினிங்வரை படிக்க வைத்தார்கள். அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

இதற்குப் பிறகுதான் என் பெரிய பாவம். சுதந்திரம் வந்த வருஷம், தேசபக்தி நாடகம் வேண்டும் என்று ஒரு கம்பெனிக்காரர் கேட்டார். அருணாசலத்தின் கதையை எழுத உட்கார்ந்தேன். நிஜமாகச் சொல்கிறேன், முதல் கையெழுத்துப் பிரதியில் காண்ட்ராக்டர், "என் புத்தகத்தில் இல்லை" என்றுதான் சொல்கிறான். கம்பெனிக்காரர் படித்துவிட்டு, "காண்ட்ராக்டர் இப்படிப் பேசினா ஜனங்க செருப்பக் கழட்டிடுவாங்க, ஐயா. இத மாத்துங்க" என்றார். மாற்றினேன். என் காண்ட்ராக்டர் மேடைக்குத் தாவி வந்து, எழுதியவன் நான், விலங்கை என் கையில் போடுங்கள் என்று இரண்டு கையையும் நீட்டுகிறான். ராஜபார்ட் அவனைத் தடுத்து, தானே போகிறான். மணப்பாறையில் நான் செய்திருக்க வேண்டியதையெல்லாம் பதினாறு வருஷம் கழித்து வசனமாக எழுதிவைத்தேன். திருச்சியில் அது எத்தனை நாள் ஓடியது என்று உனக்குத் தெரியும். மேடையில் எனக்கு மாலை போட்டார்கள். கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன். நீ ஓடிவந்து, எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டாய். உன் அம்மாவுக்கு மட்டும்தான் நடந்தது தெரியும். வீட்டுக்கு வந்து, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். அப்புறம் அந்த நாடகத்துக்கு அவள் ஒரு நாளும் வரவில்லை.

அன்றைக்குத்தான் நீ கோமதியை முதன்முதலில் பார்த்தாய். தியாகியின் குடும்பம் என்று தாயையும் மகளையும் முன்வரிசையில் உட்காரவைத்தது நான். நீ போய் சோடா வாங்கிக் கொடுத்தாய், அப்புறம் கடிதப் போக்குவரத்து ஆரம்பித்தது, என்னிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல முடியாததால் சரி என்றேன். தன் புருஷனுக்காகக் கையை நீட்டிய மனிதரின் வீடு என்று நம்பித்தான் செல்லம்மாள் பெண்ணைக் கொடுக்கிறார்கள். இப்போது தொட்டியத்துக்காரர்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் அந்த நாடகத்தைப் போடுகிறார்கள். மூன்றாவது முறை போனபோது கோமதி கேட்டது இதுதான்: "மாமா, காண்ட்ராக்டர் வேஷத்த நீங்களே போடுங்க மாமா. எங்கப்பாவுக்காக நீங்க சொன்னத உங்க வாயாலயே கேக்கணும் எனக்கு."

சரி, வேஷம் போடுகிறேன், அந்த இடம் வரும்போது நிஜமாக நடந்ததைப் பேசிவிடுகிறேன் என்று நினைத்தேன். ஸ்பெஷல் நாடகத்தில் எவனும் மேடையில் வசனத்தை மாற்றலாம், யாரும் தடுக்க முடியாது. உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். மஞ்சள் விரலோடு நிமிர்ந்து பார்த்தாள். "அழுதுகிட்டே பேசுவீங்க, அதுக்கும் கை தட்டுவாங்க. வாங்கிட்டு வருவீங்க" என்றாள். சுருக்கென்றது. அவள் சொன்னது சரி. அந்தப் பெண்ணை ஊர் நடுவில் உட்காரவைத்து அவள் தலையில் கல்லைப் போட்டுவிட்டு நான் நல்லவன் ஆகப் பார்த்தேன். அப்படியானால் ராஜுவுக்கு எழுதுகிறேன், அவன் அவளிடம் சொல்லட்டும் என்றேன். "புள்ள தலைல கட்டாதீங்க. நீங்க பேசினதுக்கு நீங்க போங்க" என்றாள். அதனால் நாளைக் காலை முசிறி பஸ்ஸில் போகிறேன். வந்து மீதியை எழுதுகிறேன். எழுதாமல் இதை மட்டும் தபாலில் போட்டேன் என்றால், நான்காவது முறையும் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று புரிந்துகொள்.

ஒன்று சொல்லிவைக்கிறேன், புத்திமதி என்று வைத்துக்கொண்டாலும் சரி. பெண்டாட்டியிடம் கோபம் வந்தால் தப்பும் தவறுமாகக் கத்து, பரவாயில்லை. வார்த்தை உன் வாயில் ரொம்ப அழகாக வந்து விழுகிறது என்று தோன்றினால் அந்த நிமிஷமே நிறுத்திவிடு. நான் அழகாகப் பேசிய சமயங்களில்தான் எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறேன்.

வியாழக்கிழமை.

போனேன். சொல்லிவிட்டேன். கரி அடுப்பில் ஓடும் பஸ் குணசீலம் தாண்டி நின்றுவிட்டது, இறங்கித் திரும்பிவிடலாமா என்று கால் இழுத்தது. எப்படியோ போய்ச் சேர்ந்தேன். கோமதி பள்ளிக்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு பேரையும் உட்காரச் சொல்லி, உனக்கு எழுதியதைவிடக் குறைவான வார்த்தையில் சொன்னேன். பாட்டு என்னுடையது, பாடச் சொன்னது நான், தெரியாது என்று சொன்னதும் நான், அப்புறம் பெயரை எழுதாமல் விட்டதும் நான். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

செல்லம்மாள், "எழுதினது யாருன்னு சாகறவரைக்கும் என்கிட்டயே சொல்லல அவரு. கேட்டா, சொன்னா உனக்கு அந்த ஆளு மேல கோவம் வரும், எனக்கு வரலேன்னாரு" என்றார்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். "எனக்கு வருது" என்றார்கள். நான் துண்டை வாயில் வைத்து அழுதேன், ராஜு. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

கோமதி அழவில்லை. எப்போதும் வார்த்தைக்கு வார்த்தை மாமா என்பாள், இன்று அந்த வார்த்தை வரவில்லை. "ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "நாடகத்துல எங்கப்பாவக் கூட்டிட்டுப் போறப்ப, படியெறங்கறதுக்கு முன்னாடி திரும்பி உங்களப் பாத்துச் சிரிப்பாரே. அது ஒண்ணாவது நடந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அந்த ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம் என்று திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்தேன். ஆனால் அந்த நேரத்தில் என்னால் முடியவில்லை. "தெரியாதும்மா. அவர் திரும்பினாரா, திரும்பலையான்னே எனக்குத் தெரியாது. அவங்க அவரக் கூட்டிட்டுப் போய் முடிக்கிறவரைக்கும் நான் புத்தகத்த விட்டுத் தலைய எடுக்கல. அந்தச் சிரிப்பு நான் எழுதினது" என்றேன்.

"எனக்கு அப்பா மொகம் ஞாபகமே இல்ல. வீட்ல ஒரு போட்டோ கூட கெடையாது. அந்தச் சிரிப்பத்தான் எங்கப்பான்னு வச்சுகிட்டிருந்தேன்" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்ப வந்து நின்றாள். "அவங்களுக்கு இது தெரியுமா?" என்றாள். உன்னைத்தான் கேட்டாள். தெரியாது, இன்றைக்குத்தான் கடிதம் போடப் போகிறேன் என்றேன். "படிச்சுட்டு அவங்க வரட்டும். நீங்க வர வேணாம்" என்றாள். கல்யாணம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

லீவு போட்டுவிட்டு வா. இங்கே இறங்காதே, நேரே தொட்டியத்துக்குப் போ. அங்கே என் சார்பில் ஒரு வார்த்தை பேசாதே. அப்பா நல்லவர், பயத்தில் சொல்லிவிட்டார், வயதாகிவிட்டது, இதெல்லாம் வேண்டாம். உனக்கு என் மேல் வருகிற கோபத்தை அவளிடம் காட்டி நல்ல பெயர் வாங்காதே, அதை இங்கே வந்து என்னிடம் காட்டு. அவள் உன்னை வேண்டாம் என்றால் கெஞ்சாதே. அவளுக்கு அதற்கு உரிமை இருக்கிறது, உன் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான், அவள் அல்ல. ஒருவேளை அவள் உன்னை வேண்டும் என்று சொல்லி, கல்யாணத்தில் உங்கப்பா இருக்கக் கூடாது என்று கேட்டால், அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே. அவள் முகத்தைப் பார்த்து, சரி என்று அங்கேயே சொல்லிவிடு.

அப்பா